கேரம் பலகையும் அரசின் அளவுகோலும்

2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், வடசென்னை புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அடுத்த மாதம் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் குகேஷ் சதுரங்கத்தின் உலக வாகையர் ஆனார். மறுநாளே தமிழ்நாடு அரசு அவருக்கு 5 கோடி ரூபாய் அறிவித்தது. காசிமாவுக்கு என்ன என்று பலரும் கேட்கத் தொடங்கினர். பின்னர் அவருக்கு 1 கோடி ரூபாய் வழங்கப்பட்டது.

குகேஷுக்குக் கொடுத்ததில் நமக்கு எந்த மனக்குறையும் இல்லை. சதுரங்கம் உலகெங்கும் ஆடப்படுவது, ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இடம்பெற்றது. கேரமுக்கு அந்தப் பரப்பு இல்லை. பரிசுத் தொகையில் வேறுபாடு இருக்கலாம். அந்த வேறுபாட்டை அளக்கும் கோல் எங்கே என்பதுதான் நம் கேள்வி. ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி என 2021-இல் முன்கூட்டியே அறிவித்தது இதே அரசு. அங்கே புறப்படும் வீரருக்குத் தமக்கு உரியது என்னவென்று தெரியும். கேரம் ஆடும் பெண்ணோ ஊர் திரும்பிய பிறகு, யாராவது குரல் எழுப்புவார்களா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

குரல் எழாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வியாசர்பாடி இளவழகியே சாட்சி. 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலக வாகையர் ஆனவர் அவர். தமக்குரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று அதன்பின் பலமுறை பொதுவெளியில் பேசியிருக்கிறார். சமூக ஊடகச் சீற்றம் என்ற ஆயுதம் அன்று அவர் கையில் இல்லை.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்த் தெருக்களில் போரிக் பவுடர் தூவிய பலகையைச் சுற்றி நிற்பவர்களை வெட்டிப்பொழுது போக்குபவர்களாகவே வெளியுலகம் பார்த்துப் பழகியிருக்கிறது. (2018-இல் வந்த ‘வடசென்னை’ படத்தின் நாயகன் கேரம் வீரன்தான், ஆனால் நம் நினைவில் நிற்பது கத்திகள்.) ஒன்றிய அரசின் வேலைவாய்ப்புக்கான விளையாட்டுப் பட்டியலில் கேரமும் உண்டு. 1996-இல் மரிய இருதயத்துக்கு அர்ஜுனா விருதே வழங்கப்பட்டது. ஆகவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க அரசுக்கு வழியில்லை.

பரிசு அரசின் கொடை, அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்று வாதிடுவோர் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஈ.பி.ராயப்பா வழக்கிலேயே, 1974-இல், தன்னிச்சைப் போக்கு சமத்துவத்துக்குப் பகையானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு வழங்கும் சலுகைகளும் நியாயமான நெறிக்கு உட்பட்டவையே என்பதை 1979-இன் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு உறுதி செய்தது.

எனவே ஒலிம்பிக்குக்கு வெளியே உள்ள ஆட்டங்களுக்கும், தொகையையும் வழங்கும் காலக்கெடுவையும் குறிப்பிட்டு அரசாணை வெளியிடக் கோருகிறோம். இரட்டையர் ஆட்டத்தில் எதிரே அமர்ந்து ஆடிய இணைக்கும், முதன்முதலில் ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளருக்கும் அதில் பங்கு வேண்டும். 2008-இன் பாக்கியையும் அந்த ஆணையே தீர்க்கட்டும்.