பாதணியின் உயரமும் பாதத்தின் நியாயமும்

விழா நாள்களில் நம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒலுவில் துறைமுகக் கரைக்குச் செல்லும் மாணவியரிற் பலர், மணலில் இரண்டடி வைத்ததும் குதியுயர்ந்த பாதணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வர். மணலில் உடனே தெரிந்துவிடும் இவ்விடர், சீமெந்துத் தரையில் தெரிவதற்கு ஆண்டுகள் பல செல்கின்றன.

இப்பாதணி நிமிர்ந்த தோற்றத்தைத் தரும் என வாதிடுவோர் உளர். அந்நிமிர்வுக்கு உடல் கொடுக்கும் விலையை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. வெறுங்காலுடன் நிற்கையில் உடற்பாரத்தைக் குதியும் முன்பாதமும் பகிர்ந்து தாங்குகின்றன. குதியை உயர்த்தினால் பாரம் முன்னே சரிந்து விரல்களின் அடிப்பகுதியில் இறங்குகிறது. விழாதிருக்கும்பொருட்டு முழங்காலும் இடுப்பும் தம் நிலையை மாற்றிக்கொள்கின்றன. 2013இல் திறக்கப்பட்ட நம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் மணலோட்டத்தை மறிக்க, ஒருபுறம் மணல் குவிந்து மறுபுறம் கரை அரிக்கப்பட்டதைக் கண்ட நமக்கு, ஓரிடத்து மாற்றம் வேறோரிடத்திற் சேதமாகும் என்பதைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

1998இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று இருபது பெண்களின் நடையை அளந்தது. குதியுயர்ந்த பாதணியுடன் நடக்கையில் முழங்காலின் உட்புறத்தை அழுத்தும் விசை, வெறுங்கால் நடையைவிடச் சராசரியாக 23 சதவீதம் கூடியிருந்தது. நெடுங்காலம் அணிந்தோரின் கெண்டைக்கால் தசையிழைகள் குறுகியும் குதிநாண் தடித்து விறைத்தும் இருந்தமையை 2010இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. அத்தகையோர் திடீரெனத் தட்டைப் பாதணிக்கு மாறினால் கெண்டைக்கால் இழுத்து நோவதில் வியப்பில்லை. முதுகின் வளைவு கூடிவிடும் என்றும் பலர் எழுதுவர். அதை அளந்தோர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆதலின் அதனை என் பக்கச் சாட்சியாக நான் அழைக்கவில்லை.

என் வழக்கு மாணவியர்மீதன்று. இப்பாதணியைக் கண்டதும் அடக்கம், ஒழுக்கம் எனப் பேசத் தொடங்கும் பெரியோரும், நாகரிகம் எனப் புகழும் விளம்பரக்காரரும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர். பெண் பிறர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகிறாள் என்பதே இருசாராரின் கவலை. அவள் கால் நோகிறதா எனக் கேட்டார் எவருமிலர். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண்களே, பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி உட்பட, குதியுயர்ந்த பாதணி அணிந்து திரிந்தனர். பின்னர் அவர்கள் அதைக் கைவிட்டபோது எந்த நாகரிகமும் அழிந்துவிடவில்லை!

விரும்பி ஒருநாள் அணிபவளுக்கு நாம் சொல்ல வேண்டியது அதிகமில்லை. உயரம் குறைந்த, அகன்ற குதியைத் தேர்வாளாயின் நன்று. பட்டம் பெற்று, வரவேற்பு மேசையிலோ விற்பனைக்கூடத்திலோ நாள்முழுதும் நிற்கப்போகிறவள்மீது அதனைக் கடமையுடையாகச் சுமத்துவதே கண்டிக்கத்தக்கது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இக்கட்டாயத்தை 2017இல் விலக்கியது. அதே ஆண்டில் பிலிப்பைன்சும் விலக்கியது. கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை அளிக்கவேண்டுமெனத் தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. இவை யாவும் நிற்பவரின் காலைக் கணக்கிலெடுத்த சட்டங்கள்.

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் இறுதியாண்டு மாணவியர், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே எத்தனை மணிநேரம் நிற்கவேண்டும், எத்தகைய பாதணி விதிக்கப்படும் என்றும் கேட்கட்டும். கேட்டால் வேலை கிடையாது என்பீராயின், அதனைத் தனியொருத்தியின் தலையிற் சுமத்தாது, மாணவர் ஒன்றியமும் விரிவுரையாளரும் அந்நிறுவனங்களிடம் எழுத்திற் கேட்பதற்கு என்ன தடை?