விழுங்கும் மாத்திரையை ஊசியில் ஏற்றினால்...?

வலியைத் தீர்க்க வந்த மாத்திரை, வாலிபர்களின் உயிருக்கு உலை வைக்கிறது!

அதன் பெயர் "டேபென்டடால்". ஆபரேஷன் ஆனவர்களுக்கும், கடும் வலியால் துடிப்பவர்களுக்கும் டாக்டர்கள் கொடுப்பது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சில வாலிபர்கள் போதைக்காக அதைக் கரைத்து, ஊசியில் ஏற்றிக் கொள்கிறார்கள். சென்னையிலும் வேறு பல ஊர்களிலும் போலீசார் இந்த மாத்திரைகளைப் பலமுறை கைப்பற்றி இருக்கிறார்கள். படிப்புக்கும் வேலைக்கும் பிள்ளைகளை வெளியூர் அனுப்பி இருக்கும் பெரம்பலூர், அரியலூர் பெற்றோர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் மட்டும் போதுமா?

"டிரமடால்" என்ற வலி மாத்திரையை 2018-ம் ஆண்டு மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. போதை தேடியவர்கள் பலர் டேபென்டடால் பக்கம் திரும்பினார்கள். டேபென்டடாலும் "காரிசோபுரடால்" என்ற மருந்தும் சேர்ந்த மாத்திரை, மேற்கு ஆப்பிரிக்காவில் போதைக்காக விற்கப்படுவது 2025 பிப்ரவரியில் அம்பலமானது. அந்தக் கலவையைத் தயாரிக்கவும் ஏற்றுமதி செய்யவும் இந்திய அரசு தடை போட்டது.

ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவு திறக்கிறது. ஆகவே வீடும் விழித்திருக்க வேண்டும்.

வயிறு வேறு, ரத்தம் வேறு

மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. வில்லையாக இறுகி நிற்க மாவு, டால்க் பொடி போன்றவையும் சேர்க்கிறார்கள். வயிற்றுக்குள் போனால் இவற்றால் கெடுதல் இல்லை. ரத்தத்தில் போனால் கரைவதில்லை. நுரையீரலில் உள்ள மயிரிழை போன்ற குழாய்களை அடைத்துக் கொள்கின்றன. மூச்சு வாங்குகிறது. நாளடைவில் இருதயமும் பழுதாகிறது.

ஊசி தவறிப்போய் தமனியில் ஏறினால், விரல்கள் கறுத்து அழுகும். அவற்றை வெட்டி எடுக்கவும் நேரலாம். அசுத்த ஊசியில் உள்ள கிருமி இருதய வால்வை அரிக்கும். ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டால் எய்ட்ஸ் கிருமியும், ஈரலைக் கெடுக்கும் மஞ்சள் காமாலைக் கிருமியும் தொற்றும். அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும்!

என்ன செய்ய வேண்டும்?

கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையா? கையில் ஊசித் தழும்பா? விடாத காய்ச்சலா? பகலில் தூங்கி வழிகிறானா? பக்கத்தில் உட்கார்ந்து அன்பாக விசாரியுங்கள். அடிக்காதீர்கள். ஊருக்குப் பயந்து மறைக்காதீர்கள்.

பெரம்பலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எந்த மாத்திரையை ஏற்றினான் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். போதைப் பழக்கத்தை விட யோசனை கேட்க 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

தட்டி எழுப்பியும் எழவில்லையா? மூச்சு மெதுவாகிறதா? உடனே 108-ஐ அழையுங்கள். "நலாக்சோன்" என்ற மாற்று மருந்தைக் காலத்தில் கொடுத்தால் மூச்சு திரும்பும்.

வீட்டில் வலி மாத்திரை மீதி இருந்தால், இன்றே எடுத்துப் பூட்டி வையுங்கள்.