மண்டபத்துக்காரர் சொல்வதை எழுதி வாங்குவோம்

கல்யாண மண்டபம் பேசப் போனால், தேதி நோட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வரும்: "நீங்க எந்த ஏரியாங்க?" சாதி என்ன என்று புதுச்சேரி நகரத்தில் யாரும் கேட்பதில்லை. தெருப் பெயரைச் சொன்னாலே போதும். சில இடங்களில் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் "அன்னிக்கு வேற பார்ட்டி புக் பண்ணிட்டாங்களே" என்பது நினைவுக்கு வரும். எல்லாம் வாய்ப்பேச்சு என்பதால் தடயமும் இருக்காது.

ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள், ரசீது கேளுங்கள் என்று கல்யாண வீட்டுக்காரர் எல்லோருக்கும் சொல்வது பணம் போகாமலிருக்க. நமக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. ஆதிக்கச் சாதிக் குடும்பத்துக்கு மண்டபத்துக்காரரின் உறவோ, சங்கத்து ஆளோ, கட்சிக்காரரோ வாக்குக் கொடுப்பார். நமக்குச் சிபாரிசு அந்தக் காகிதம்தான்.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், இன்றைய 15ஆம் உறுப்பு விவாதத்துக்கு வந்தது. அதில் 'கடை' என்ற சொல்லுக்கு அண்ணல் அம்பேத்கர் கொடுத்த விளக்கத்தை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். உள்ளே நுழையும் உரிமை மட்டுமல்ல அது. பேசிய நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் சேவையைப் பெறும் உரிமை என்றார். மருத்துவர், வழக்கறிஞர் அறைகளும் சேருமா என்று கேட்டபோது, சேவை வழங்கும் எவரும் சேர்வார்கள் என்றார். மண்டபமும் சமையல் கான்ட்ராக்டும் அதற்கு வெளியிலா இருக்கின்றன?

1955ஆம் ஆண்டு குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. மற்றவர்களுக்கு எந்த நிபந்தனையில் சேவை தரப்படுகிறதோ, அதே நிபந்தனையில் நமக்கும் தர வேண்டும். தீண்டாமை காரணமாக மறுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அது தீண்டாமையால் நடந்ததாகவே நீதிமன்றம் கருத வேண்டும், இல்லையென்று எதிராளிதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. ஆனால் மறுத்தார்கள் என்பதையும், மற்றவர்களுக்கு என்ன நிபந்தனை என்பதையும் நாம்தானே காட்டியாக வேண்டும்? அதனால் முகவரி சொல்வதற்கு முன்பே, தேதி காலியா, வாடகை எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். முகவரி சொன்ன பிறகு தேதி மாயமானால், வேறு தெரு நண்பர் ஒருவரை அதே தேதியைக் கேட்கச் சொல்லுங்கள். இது குறும்பு அல்ல, சாட்சியம்.

புக்கிங் கிடைத்துவிட்டாலும் நிபந்தனைகளை முழுக்கப் படியுங்கள். அசைவம் கூடாது, பறை கூடாது, வாசலில் அம்பேத்கர் படம் போட்ட பேனர் கூடாது. இவை அச்சிட்ட விதியில் இருக்கின்றனவா, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மேனேஜர் வாயிலிருந்து வருகின்றனவா? இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது எல்லோருக்குமான சட்டம், அதை மதிப்போம். நாதஸ்வரத்துக்கு இடமுண்டு, பறைக்கு இல்லை என்பது எந்தச் சட்டம்? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே "பறையாட்டம் உண்டு, இந்தப் பேனர் வைப்போம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பதாக இருந்தால் அன்றே, எழுத்தில் மறுக்கட்டும். கல்யாணத்தன்று வாசலில் நின்று சண்டை போடும் வலு பெண் வீட்டுக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ இருக்காது. அது அவர்களுக்கும் தெரியும்.

பணத்துக்கு வருவோம். நம் வீடுகளில் அட்வான்ஸ் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய பணம். கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங், பாத்திர வாடகை எல்லாம் வாடகைக்குள்ளா வெளியிலா, இலைக்கு எவ்வளவு, குறைந்தது எத்தனை இலை என்று பேசியதெல்லாம் காகிதத்தில் வரட்டும். "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்துவிட்டால் முடிந்தது என நினைக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். அதே தேதியை வேறொருவருக்கு விட்டவருக்கு என்ன இழப்பு என்று வாதாடலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு அலைந்தவர்களில் கையில் ரசீது இல்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். 2019 நுகர்வோர் சட்டப்படி ரசீது தராததே முறையற்ற வணிகம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915க்குப் போன் செய்யலாம்.

"நல்ல காரியத்துல எதுக்குத் தம்பி கையெழுத்தெல்லாம்?" என்று பெரியவர்கள் தயங்குவார்கள். 1881இல் வந்த பிரெஞ்சு ஆணையின்கீழ், எழுதிக் கையெழுத்திட்டுச் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்களின் ஊர் இது. அந்த ரெனோன்சான்களில் தலித் கிறித்தவர்கள் பலர். கையெழுத்து நமக்குப் புதிதல்ல என்று அவர்களிடம் சொல்லுங்கள். மண்டபம் பேசப் போகும்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் கூடப் போகட்டும்.

நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வரும் பறைக்குழுவுக்கும் இதே காகிதம் வேண்டும். எத்தனை மணி நேரம், எத்தனை பேர், வண்டி வாடகை யாருடையது, பாக்கி என்று கொடுப்போம் என எழுதிக் கொடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம், நம்ம ஆளுதானே" என்று அந்தப் பிள்ளைகளை விடியும்வரை அடிக்கவிட்டு, பேசியதில் பாதியைக் கையில் திணித்து அனுப்புகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள்.