பெயர் சொல்லாமல் நடந்த பாகப்பிரிவினை

அண்மையில் ஓர் ஆய்வரங்கில், நேரடிப் பண உதவி குறித்த அமர்வில் பார்வையாளராக அமர்ந்திருந்தேன். மூத்த ஆய்வாளர் ஒருவர், "நிக்கோபாரைப் பாருங்கள். ஆழிப்பேரலைக்குப் பின் பழங்குடிகளின் கையில் பணத்தைக் கொடுத்தார்கள், மோட்டார் சைக்கிளும் மதுவுமாகக் கரைந்து போயிற்று" என்றார். அரங்கில் சிரிப்பெழுந்தது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள இயலவில்லை. நேரமாகிவிட்டது என்று கேள்விகள் நிறுத்தப்பட்டன. கேட்க எண்ணியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மதுவைப் பற்றி. ஏழைகளிடம் பணம் கொடுத்தால் குடித்தழிப்பர் என்பது ஆய்வுலகில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுத் தோற்ற கருத்து. டேவிட் எவான்ஸ், அன்னா போப்போவா இருவரும் பல நாடுகளைச் சேர்ந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடியதாகப் பொதுவான சான்று எதுவும் கிட்டவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2011இல் சேவா அமைப்பு தொடங்கிய நிபந்தனையற்ற பண உதவிச் சோதனையில், சிற்றூர் மக்கள் அத்தொகையை உணவுக்கும் மருத்துவத்துக்கும் விதைக்கும் ஆட்டுக்கும் செலவிட்டனர். மோட்டார் சைக்கிளுக்கும் விளக்கம் உண்டு. கார் நிக்கோபாரில் கடலோர ஊர்கள் உள்நிலத்துக்குப் பெயர்ந்தன, கடற்கரை தொலைவாயிற்று. தொலைவானதை எட்டிப்பிடிக்க வண்டி வாங்குவது அறியாமையா? ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை வந்ததும் மகிழுந்து வாங்கிய பேராசிரியரைப் பற்றி எவரும் ஆய்வுக் கட்டுரை எழுதியதில்லை.

ஆயினும் நிக்கோபாரில் எல்லாம் நலமாகவே நடந்தது என்று நான் வாதிட வரவில்லை. அங்கே ஒன்று உடைந்தது உண்மை. அதை உடைத்தது எது என்பதில்தான் நான் மாறுபடுகிறேன்.

2004 டிசம்பர் 26க்கு முன் நிக்கோபாரியரின் வாழ்வலகு 'துஹெத்'. பல தம்பதியரும் அவர்தம் பிள்ளைகளும் முதியோரும் சேர்ந்த பெருங்குடும்பம் அது. நிலம், தென்னை, பன்றி யாவும் துஹெத்தின் உடைமை. யார் எந்தத் தோப்பில் தேங்காய் எடுப்பது, விருந்துக்கு எந்தப் பன்றி என்பன போன்றவற்றை மூத்தோர் முடிவு செய்தனர். பணம் அவர்களுக்குப் புதிதன்று, கொப்பரை விற்றவர்கள்தாம். ஆனால் வாழ்வின் பெரும்பகுதி பணத்துக்கு வெளியே, பங்கீட்டினுள் நடந்தது.

பேரலை ஊர்களை அழித்தது. நிலத்தையே தாழ்த்திக் கடலுக்குள் இழுத்தது. 2001இல் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் 36,842. இத்தகைய பேரழிவில் அரசு பணம் கொடுத்தது சரியே. கொடுக்காமல் விட்டிருந்தால் அது குற்றம். பிழை, கொடுக்கப்பட்ட முகவரியில் இருந்தது. இழப்பீட்டுப் படிவம் அறிந்திருந்த குடும்பம் கணவன், மனைவி, பிள்ளைகள் என்பதாகும். துஹெத்தின் தென்னைக்கு உரிய பணம், துஹெத்தின் ஒரு துண்டுக்கு வங்கிக் கணக்கு வழியே சென்றது. வீடுகளும் அதே கணக்கில் தனித்தனியாகக் கட்டப்பட்டன. பேரலைக்கு முன்பிருந்தே அத்தீவுகளில் ஆய்வு செய்துவரும் சிம்ரோன் ஜித் சிங், உதவியே இரண்டாவது பேரழிவாக மாறிய கதையை விரிவாக எழுதியுள்ளார். அதைப் படித்தவர்கள் பலர் 'பணம் கெடுத்தது' என்ற முடிவோடு நின்றுவிடுகின்றனர்.

மொழியியல் படித்த எனக்கு இங்கே உறுத்துவது 'குடும்பம்' என்ற ஒற்றைச் சொல். தமிழில் குடும்பம் வேறு, குடித்தனம் வேறு, பங்காளி வேறு. பங்குக்கு உரியவன் பங்காளி. உடைமையிலிருந்தே ஓர் உறவுப்பெயரை ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. கூட்டுக் குடும்பம் பிரிய வேண்டுமாயின் அதற்கும் பாகப்பிரிவினை என்றொரு முறை உண்டு. ஊர்ப் பெரியவர்கள் அமர்வர், பங்காளிகள் கூடுவர், சண்டை நடக்கும், பத்திரம் எழுதப்படும். பிரிகிறோம் என்று அறிந்தே பிரிவோம். நிக்கோபாரில் நடந்ததும் பாகப்பிரிவினைதான். ஆனால் அதற்கு யாரும் அப்பெயரைச் சூட்டவில்லை, பெரியவர்கள் அமர்த்தப்படவில்லை, பிரிவோர் பிரிகிறோம் என்று ஒப்பவில்லை. வங்கி வரிசையில், ஒரு படிவத்தின் கட்டத்துக்குள், அது நிகழ்ந்து முடிந்தது. நிவாரணம் என்றே எல்லாரும் அதை அழைத்தனர்.

இது பழங்கதை அன்று. 2019இல் தொடங்கப்பட்ட பிரதமர் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6000 ரூபாயை மூன்று தவணைகளில் தருகிறது. அதன் வழிகாட்டுநெறியும் குடும்பத்தைக் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் என்றே வரையறுக்கிறது. நிலப் பதிவேட்டில் அவர்கள் பெயரைத் தேடுகிறது. இவ்வரையறை தவிர்க்க இயலாதது என்பாருக்கு ஒரு செய்தி. வடகிழக்கில் நிலம் சமூக உடைமையாக இருப்பதால் பதிவேட்டுக்கு மாற்றான நடைமுறையை அதே திட்டம் ஏற்றுக்கொண்டது. ஆக, விரும்பினால் வேறு விதமாக எழுத அரசுக்குத் தெரியும்.

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. பெருங்குடும்பத்துக்குப் பணம் கொடுத்தால் மூத்த ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். தனிக் கணக்கே பெண்ணுக்கும் இளையோருக்கும் விடுதலை என்பது அது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை நேரடியாகப் பெண்ணின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் சேர்க்கிறது. கணவனிடம் கேட்காமல் மருந்து வாங்க முடிவதன் பொருளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. துஹெத்தைச் சொர்க்கமாகவும் சித்திரிக்கவில்லை. எனினும் இந்த வாதம் இருவகைப் பணத்தை ஒன்றாகக் குழப்புகிறது. அன்றாட வாழ்வுக்கான தொகை ஆளுக்கு உரியது. பெண்ணின் பெயரில் தனியாகச் செல்லட்டும். கூட்டு உடைமைக்கு ஈடான தொகை கூட்டுக்கு உரியது. பொதுத் தோப்பு அழிந்ததற்கான ஈட்டைத் தனித்தனியாகப் பங்கிட்டுக் கொடுத்தால், தோப்பை மீண்டும் நடும் பொறுப்பு எவருக்கும் இல்லாமல் போகும். மேலும், நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்துக்கான தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, விரைவில் தீர்ந்தது என்று பெற்றவரைப் பழிப்பது என்ன முறை?

எனவே என் கோரிக்கை எளியது. பணம் கொடுங்கள், அதை எப்படிச் செலவிடுவது என்று போதிக்காதீர்கள். கூட்டு உடைமைக்கான ஈட்டைத் துஹெத்தின் கூட்டுக் கணக்கில், மரம் காய்க்கும் காலம் வரை தவணையாகச் செலுத்துங்கள். எவர் எந்தத் துஹெத் என்பதைப் பழங்குடி மன்றம் சொல்லட்டும். பிரிய விரும்புவோர் பிரியட்டும். அது அவர்கள் எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்கும் பெருந்திட்டம் நடைபெறுகிறது. பேரலையால் இடம்பெயர்ந்து, தம் மூதாதையர் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுவரும் நிக்கோபாரியர் அங்கே உள்ளனர். அவர்களது பழங்குடி மன்றம் தான் அளித்த ஒப்புதலை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. திரும்பிச் செல்வதற்கு ஈடாக எந்தத் தொகையும் ஆகாது என்பதே என் நிலைப்பாடு. ஆனால் இழப்பீடு என்ற சொல் அங்கே மீண்டும் ஒலிக்கும் நாள் வந்தால், எவ்வளவு என்ற கேள்வியைச் சுற்றியே நம் கருத்தரங்குகள் நடக்கும் என்று அஞ்சுகிறேன். எந்தக் குடும்பத்துக்கு, அதை வரையறுத்தவர் யார் என்ற கேள்வி மறுபடியும் நேரமில்லாமல் நிறுத்தப்படும்.

அன்று சிரித்தவர்களுள் எவரேனும் இதைப் படித்தால் மறுப்பு எழுதுக. சான்றுகளோடு காத்திருக்கிறேன்.