வள்ளி யார் மகள்?

பழனி மலைத்தொடரிலே, கோடைக்கானலைச் சூழ்ந்த காடுகளிலே, காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்ந்து வாழ்ந்த குலம் பளியர் குலம். வள்ளி! எத்தனை பொருளுக்கு அந்தப் பெயர்! படரும் கொடி வள்ளி. பசி தீர்க்கும் கிழங்கு வள்ளி. பழந்தமிழர் ஆடிய கூத்தும் வள்ளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கிழங்குகளையும் மரவள்ளி, சர்க்கரைவள்ளி என்று அப்பெயராலேயே வரவேற்றது தமிழ்.

மண்ணிலே விளைந்த இப்பெயரைப் புராணிகர் என்ன செய்தனர்? கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடைத்தவள், குறவர் குடியிலே வளர்ந்தவள், தினைப்புனம் காத்தவள் என்றெல்லாம் கூறும் கந்தபுராணம், குறத்தி வயிற்றிலே பிறந்தவள் என்று கூறமட்டும் கூசுகிறது! முற்பிறவியிலே திருமாலின் மகளாம். முனிவன் நோக்கால் மான் ஈன்ற மகவாம். மான் வயிறு ஆகும். மலைக்குறத்தி வயிறு ஆகாதோ? கேட்கிறோம்.

அந்தக் கூச்சம் ஏட்டோடு நின்றதா? வள்ளி திருமணத்துக்குக் கூடும் கூட்டத்திலே, மலைமகளின் உரிமையைப் பற்றிக் கேட்போர் எத்தனை பேர்? காலங்காலமாய்ச் சேகரித்த வனப்பொருள்கள் காட்டில் வாழ்வோர்க்கே உரியவை என்கிறது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அப்பொருள்களின் வரிசையிலே கிழங்கும் உண்டு!

தோழர்களே! சிலைக்குச் சூட்டும் மாலை சிலைக்கே போகட்டும். கிழங்கு அகழும் கைக்கு, அந்தக் காட்டின் உரிமை வந்து சேரட்டும். வள்ளி மலையின் மகள். மலை அவள் மக்களுக்கே உரியது!