கல்லாவும் வரவேற்பு மேசையும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் கடைத்தெருக்களில், கீழே மளிகைக் கடை, மேலே பல் மருத்துவமனை என்பது இன்று பல இடங்களில் காணும் காட்சி. நம் வணிகக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், பி.காம். முடித்த கையோடு அங்கே ரிசப்ஷனில் வேலைக்கு அமர்கிறார்கள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சும்மா டோக்கன் கொடுக்கிற வேலைதான்" என்று பெற்றவர்களாகிய நாமே சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சு தவறு என்பதே நம் கருத்து.

சென்ற மாதம் உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு இப்பகுதியில் ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். மாலை 5 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதே 5 மணியை இன்னும் நான்கு பேருக்கும் கொடுத்திருந்தார்கள். உள்ளே அழைத்தபோது மணி 7. வேர் சிகிச்சை முடிந்து பணம் கட்டும்போதுதான், பல்லின்மேல் போடும் கேப்புக்குத் தனிக் கட்டணம் என்று தெரிந்தது. உறவினர் சத்தம் போட்டார். மேசையில் இருந்த பெண் கண் கலங்கிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாளாம். "போன் எடு, பணம் வாங்கு என்றார்கள் சார், வேறு ஒன்றும் சொல்லித்தரவில்லை" என்றாள்.

நம் கடைக்குப் புதிதாக ஒரு பையன் வந்தால் முதல் நாளே கல்லாவில் உட்கார வைப்போமா? பொட்டலம் மடிக்க, சரக்கு இருக்கும் இடம் அறிய, தராசு பிடிக்க, வாடிக்கையாளர் முகம் பழக என்று படிப்படியாகப் பழக்கிய பிறகுதானே கல்லாப் பக்கம் விடுகிறோம்? மருத்துவமனை மேசையும் ஒரு கல்லாதான். அதையும் கற்றுக்கொடுத்தே ஆகவேண்டும்.

நேரமும் ஊரும்

முதலில் கற்க வேண்டியது நேரம் ஒதுக்குவது. பல் எடுக்க ஒரு நேரம், சுத்தம் செய்ய ஒரு நேரம், வேர் சிகிச்சைக்கு அதைவிட அதிக நேரம், சில வேளை இரண்டு மூன்று தடவை வரவேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் கூட்டம் தேங்கத்தான் செய்யும். அளவு எடுத்து லேபுக்கு அனுப்பிய பல் செட் திரும்பி வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே ஆளை வரச் சொல்ல வேண்டும். லாரி வந்து சேராத சரக்கை நாம் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுப்பதில்லை அல்லவா?

அடுத்தது, ஊரை அறிவது. தொழிற்சாலையில் ஷிப்ட் மாறுபவருக்கு ஒவ்வொரு வாரமும் ஒரே நேரம் ஒத்துவராது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் வருபவர் தாமதமாகத்தான் வருவார். காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. தவணையாக வாங்கலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்ல ரிசப்ஷனிஸ்டின் வேலை. கடன் நோட்டு வைத்துப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதல்ல.

கணக்கும் சட்டமும்

மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை தடவை வரவேண்டும், கேப்பு சேர்ந்ததா சேராததா என்பதை மருத்துவரிடம் கேட்டு, சிகிச்சை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எடை குறைந்தால் நம்மைக் கேட்கும் அதே சட்டம் அவர்களையும் கேட்கும். 2017-இல் வந்த ஜி.எஸ்.டி.யில் நோய்க்கான சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு என்பதும் மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பில் போட்டால் வரி கூடும்" என்று நோயாளியிடம் சொல்வது பொய்.

கேட்க வேண்டிய கேள்விகள்

புதிதாக வருபவரிடம் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டு எழுத வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் உள்ளே ஆபத்து.

"புகையிலை பழக்கம் உண்டா?" என்ற கேள்விக்குத்தான் உண்மை வருவதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பெரியவர், மகள் வயதுப் பெண் நாலு பேர் நடுவில் கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார். தனியாக, மெதுவாகக் கேட்கத் தெரிய வேண்டும். வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்து, அது காலத்தில் கவனிக்கப்படாமல் போனால் இழப்பது பல் மட்டுமல்ல. தமிழகத்தில் 2013-இல் குட்காவுக்குத் தடை வந்தது. இன்னமும் அந்தப் பொட்டலம் கிடைக்கிறதென்றால் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று நம்மை விட யாருக்கு நன்றாகத் தெரியும்? இதில் அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, நமக்கும் பாடம் உண்டு.

போனில் வருவதையும் தரம் பிரிக்க வேண்டும். கூச்சம் என்பவர் நாளை வரலாம். முகம் வீங்கிக் காய்ச்சல், விழுங்க முடியவில்லை என்பவர் உடனே வரவேண்டும். பிள்ளை கீழே விழுந்து, முளைத்த நிலைப்பல் வேரோடு வந்துவிட்டதென்றால், வேரைத் தொடாமல், தேய்த்துக் கழுவாமல், பாலில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே வரச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் பல் பிழைக்க வழியுண்டு. ஆனால் எந்த மாத்திரை போடலாம் என்று மட்டும் மேசையிலிருந்து சொல்லக்கூடாது. அது மருத்துவரின் வேலை.

கடைசியாக, வாய்க் கட்டுப்பாடு. எதிர்வீட்டுக்காரர் எதற்காக வந்தார் என்பதை நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேசக்கூடாது. நாமும் பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்கக்கூடாது.

நாம் செய்யக்கூடியது

சிறிய மருத்துவமனைக்குப் பயிற்சி கொடுக்க நேரமும் பணமும் ஏது என்பார்கள். ஒரு நாள் மாலையில் இரண்டு பேர் காத்திருந்து வெறுத்துத் திரும்பினால் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் பார்க்கட்டும். ஒரு மாதம் பழைய ஊழியருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாலே போதும். செய்ய வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பொறுப்புக்கேற்ற சம்பளமும் கொடுக்கட்டும்.

நம் பங்காக, ஒவ்வொரு பகுதிச் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கலாம். பேரேடு, ரசீது, தினக் கணக்கு முடித்தல், கோபமாக வருபவரிடம் பேசும் முறை இவற்றை நம் மூத்த வணிகர்கள் இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாம். நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்து கற்றதை வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறோம்?

இனி யாராவது கேட்டால், "என் மகள் ஒரு மருத்துவமனையை நிர்வாகம் பண்ணக் கற்றுக்கொள்கிறாள்" என்று சொல்வோம். அதுதான் உண்மை.