விண்டோஸ் வீட்டில் லினக்ஸ் விருந்தாளி



2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து, பத்தாண்டுக் காலம் நம் இல்லங்களிலும் கடைகளிலும் பணியாற்றிய இயங்குதளம் அது. ஆதரவு முடிந்த அன்றே கணிப்பொறிகள் நின்றுவிடவில்லை. முன்போலவே அவை இயங்குகின்றன. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் திருத்தங்கள் அவற்றுக்கு இயல்பாக வந்து சேர்வதில்லை. பதிவு செய்துகொள்ளும் தனிப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அது தவணையே அன்றித் தீர்வு அன்று.

விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல் எழுகின்றது. அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு கணிப்பொறியில் இருக்க வேண்டும். செயலியும் அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை அப்பட்டியலில் இல்லை. எட்டாம் தலைமுறை வந்ததே 2017இல்தான். ஆகவே, 2014இலோ 2015இலோ பிள்ளைகளின் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய மடிக்கணினி, திரையும் விசைப்பலகையும் நன்றாகவே இருந்தும், தகுதியற்றதாகிவிடுகின்றது.

இந்நிலையில் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் முன் மூன்று வழிகள் தென்படுகின்றன. புதிய கணிப்பொறி வாங்குவது ஒன்று. அதற்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். திருத்தம் வராத இயங்குதளத்திலேயே தொடர்ந்து இருப்பது மற்றொன்று. வங்கிக் கணக்கையும் குடும்பத்தாரின் ஆவணங்களையும் அதில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க இயலாது. யாரோ ஒருவர் தரும் உரிமமற்ற நகலை ஏற்றிக்கொள்வது மூன்றாவது. அது நேர்மையும் அன்று; அந்த நகலுக்குள் என்ன புகுத்தப்பட்டிருக்கின்றது என்பதை அறியவும் வழியில்லை.

நான்காவதாக ஒரு வழி இருக்கின்றது. அதுவே லினக்ஸ். விண்டோஸ் 95 காலந்தொட்டு விண்டோஸ் ஒன்றிலேயே பழகிய என் போன்றோர்க்கு அப்பெயர் பொறியாளர்களுக்கு உரியதாகவே தோன்றிவந்தது. சென்ற சில மாதங்களாக வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில் அறிந்தவற்றை இம்மாதம் பகிர்ந்துகொள்கின்றேன்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் குழப்பம் நேர்கின்றது. தமிழில் அக்குழப்பம் இல்லை. காசு வாங்காமல் தருவது இலவசம். பயன்படுத்தவும், உள்ளிருப்பதைப் படித்தறியவும், திருத்தவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். இக்கொள்கையை முன்வைத்து 1983இல் அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். அடுத்த ஆண்டு அவர் அதைக் க்னூ உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். உலகெங்குமுள்ள எண்ணற்றோர் அதை வளர்த்தனர். இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடித்தளத்திலும் அந்தக் கருவே இயங்குகின்றது. லினக்ஸை அறியாதவர் என்று நம்மை நாம் எண்ணிக்கொண்டிருந்தாலும், நாள்தோறும் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றோம்.

கருவை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் வேலை பார்க்க இயலாது. திரை அமைப்பு, இணைய உலாவி, எழுதுகருவி ஆகியவற்றை அதனுடன் சேர்த்துத் தொகுத்துத் தருகின்றனர். அத்தொகுப்புகள் பல. நம் சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ என்பதும் அவற்றுள் ஒன்று. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பப் பாடம் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள்களிலேயே கற்பிக்கப்பட்டுவருகின்றது.

நான் தேர்ந்துகொண்டது ‘லினக்ஸ் மின்ட்’ என்னும் தொகுப்பு. 2006இல் தொடங்கப்பட்ட இது, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவோ 1993இல் தொடங்கிய டெபியனிலிருந்து கிளைத்தது. கீழே பட்டையும், இடது மூலையில் பட்டியலும் கொண்ட இதன் திரை, விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரிவதில்லை என்பதே இதைத் தேர்ந்ததற்குக் காரணம். 2024 ஜூலையில் வெளிவந்த இதன் 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 2 ஜிபி நினைவகமும் வன்தட்டில் 20 ஜிபி இடமும் இருந்தால் இயங்கும் எனினும், வசதியாக வேலை செய்ய 4 ஜிபி நினைவகம் வேண்டும். என் மடிக்கணினியில் இருந்தது 4 ஜிபி மட்டுமே. ஆகவே இதன் மூன்று வகைகளுள் மிக இலேசான ‘எக்ஸ்.எஃப்.சி.ஈ.’ வகையை எடுத்துக்கொண்டேன்.

நிறுவாமலே பார்க்கும் வசதி

லினக்ஸில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, நிறுவுவதற்கு முன்பே அதைப் பயன்படுத்திப் பார்க்கும் வசதியாகும். பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் இயங்கும். வன்தட்டிலுள்ள விண்டோஸ் அப்படியே இருக்கும். வந்த விருந்தாளி திண்ணையில் அமர்ந்து பேசிவிட்டுப் போவது போன்றது இது.

செய்முறை கடினமன்று. லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள கோப்பைப் பதிவிறக்க வேண்டும். வேறு தளங்களிலிருந்து எடுத்தல் கூடாது. ‘ரூஃபஸ்’ அல்லது ‘எட்சர்’ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அதை எழுத வேண்டும். சாதாரணமாகப் படியெடுத்து ஒட்டினால் பயன்படாது. எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறத்தல் கூடாது.

பிறகு கணிப்பொறியை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் அந்தக் கணிப்பொறிக்கு உரிய விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்னும் பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தால் சில நிமிடங்களில் மின்ட் திரை தோன்றும். ‘நிறுவுக’ என்னும் பொருள்படும் படம் ஒன்று திரையில் இருக்கும். சோதிக்கும் நாள்களில் அதைத் தொட வேண்டா. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் சற்றுக் குறைவாகவே இருக்கும். அணைத்தவுடன் நாம் செய்த மாற்றங்களும் மறைந்துவிடும்.

இச்சோதனையின் நோக்கம் ஒன்றே. நம் கணிப்பொறியின் உறுப்புகளை லினக்ஸ் அடையாளம் காண்கின்றதா என்று அறிவதே அது. கம்பியில்லா இணையம் கிடைக்கின்றதா? ஒலி கேட்கின்றதா? கேமரா இயங்குகின்றதா? பிரிண்டர் அச்சிடுகின்றதா? மடிக்கணினியை மூடித் திறந்தால் மீண்டும் விழிக்கின்றதா? இவை ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நான்கு உடனே சரியாயின. பிரிண்டர் மட்டும், இணையத்தில் தேடி அதற்குரிய துணைநிரலைச் சேர்த்த பின்னரே அச்சிட்டது. அம்மாலையில் என் மகள் வந்து பார்த்துவிட்டு, “வாப்பா, இது நம்ம பழைய கம்ப்யூட்டர்தானா?” என்று கேட்டாள். வியப்புக்குக் காரணம் அழகன்று. உலாவியைத் திறக்க முன்பு காத்திருந்த அளவுக்கு இப்போது காத்திருக்க வேண்டியிருக்கவில்லை என்பதே.

இல்லத் தேவைகளுக்கு ஏற்றதா?

ஒரு வாரச் சோதனைக்குப் பின், விண்டோஸை நீக்காமல் அதன் அருகிலேயே லினக்ஸை நிறுவினேன். இயக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

இணையத்தில் படிப்பது, மின்னஞ்சல், வங்கிப் பணி, அரசு இணையதளங்களில் விண்ணப்பம், வாட்ஸ்அப் செய்திகளை உலாவியில் காண்பது ஆகியவற்றில் எவ்வித வேறுபாடும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி உடன் வருகின்றது. வளைகுடாவிலிருக்கும் உறவினருடன் முகம் பார்த்துப் பேச உதவும் ஜூம் மென்பொருளும் லினக்ஸுக்கு உண்டு. பிள்ளைகளின் கட்டுரைகளுக்கும் கணக்குப் பட்டியல்களுக்கும் லிப்ரே ஆஃபிஸ் போதுமானது. வேர்டு கோப்புகளையும் அது திறக்கின்றது. ஆனால் அட்டவணைகளும் படங்களும் நிறைந்த கோப்புகளில் வரியமைப்பு சற்று இடம்பெயர்வதுண்டு. பிறருக்கு அனுப்பும்போது பி.டி.எஃப். வடிவில் அனுப்பினால் அத்தொல்லை இல்லை.

தமிழைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். யூனிகோட் தமிழ் எழுத்துகள் தொடக்கத்திலிருந்தே தடையின்றித் தெரிகின்றன. தட்டச்சுக்கு ‘ஐபஸ்’ என்பதையும் ‘எம்17என்’ என்பதையும் சேர்த்துக்கொண்டால், 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில ஒலிப்பு முறையும், பழைய தட்டச்சுப்பொறி முறையும் கிடைக்கின்றன. ஆனால் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் திருமண அழைப்பிதழ்களும், ஊர்ச் சங்கத்தின் பதிவேடுகளும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். அஞ்ச வேண்டா. அதே எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் சேர்த்தால் தமிழ் மீண்டும் தெரியும். எனினும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வதே எதிர்காலத்திற்கு நல்லது.

பொருந்தாத இடங்கள்

எல்லாரும் மாறிவிடுங்கள் என்று கூறுவது நியாயமாகாது. என் மைத்துனர் மளிகைக் கடை நடத்துகின்றார். அவருடைய கணக்கு முழுவதும் டேலி மென்பொருளில் உள்ளது. அது லினக்ஸில் நேரடியாக இயங்குவதில்லை. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்க 1993 முதல் வளர்ந்துவரும் ‘வைன்’ என்னும் ஏற்பாடு இருப்பினும், வரவு செலவும் வரியும் சார்ந்த வேலையை அதை நம்பி ஒப்படைப்பது கூடாது. “மச்சான், நீங்கள் விண்டோஸிலேயே இருங்கள், கணிப்பொறியை மட்டும் மாற்றிவிடுங்கள்” என்றே அவருக்குக் கூறினேன். போட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்யும் அச்சகத்தாருக்கும் இதுவே பொருந்தும். ‘கிம்ப்’, ‘ஸ்கிரைபஸ்’ போன்ற கட்டற்ற மாற்றுகள் உண்டு எனினும், கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாதங்கள் ஆகும். டிஜிட்டல் கையொப்பச் சாதனம் கொண்டு வரித் தாக்கல் செய்வோர், அதற்கு லினக்ஸில் துணைநிரல் உண்டா என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

பழகிக்கொள்ள வேண்டிய சிறு வேறுபாடுகளும் உள. சி, டி என்னும் டிரைவ் பெயர்கள் இங்கே இல்லை. நம் கோப்புகள் அனைத்தும் ‘ஹோம்’ என்னும் அடைவின்கீழ் இருக்கும். ஆங்கிலக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கருதப்படும். மென்பொருள்களை இணையத்தில் ஆங்காங்கே தேடாமல், உள்ளேயே இருக்கும் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுக்க வேண்டும். இது முதலில் கட்டுப்பாடாகத் தோன்றினாலும், கண்ட இடத்தில் பதிவிறக்கி நச்சுநிரலை அழைத்து வருவதைப் பெரிதும் தடுக்கின்றது.

நிறுவுமுன் மூன்று காரியங்கள்

முதலாவது, புகைப்படங்கள், சான்றிதழ்கள், பத்திர நகல்கள் ஆகியவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா என்றும் பார்த்துவிட வேண்டும். இரண்டாவது, விண்டோஸில் ‘பிட்லாக்கர்’ என்னும் பூட்டு இடப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே விண்டோஸை நிறுத்த வேண்டும். இல்லையேல் அது அரைத்தூக்கத்தில் இருக்க, அதன் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸில் படிக்க முடியுமே தவிர மாற்ற முடியாமற் போகலாம்.

நிறுவும்போது, விண்டோஸின் அருகில் வைப்பதா, வன்தட்டு முழுவதையும் அழித்துவிட்டு வைப்பதா என்று ஒரு கேள்வி வரும். அவசரப்படாமல் இருமுறை படித்து விடையளிக்க வேண்டிய இடம் அது ஒன்றே. துணிவு வராதவர், விவரமறிந்த கல்லூரி மாணவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் எவரும் தொடாமல் அலமாரியில் கிடக்கும் மடிக்கணினி இருக்குமாயின், அதைப் பழைய சாமான் கடைக்குப் போடுமுன் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். உங்கள் வீட்டு வேலைகள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதி, அவற்றுள் எத்தனை நடக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை நடந்தால், அது பிள்ளை ஒருவர் இன்னும் சில ஆண்டுகள் படிக்க உதவும் கருவி. உங்களுக்குத் தேவையில்லையெனின், கணிப்பொறி இல்லாத அண்டை வீட்டு மாணவர் ஒருவருக்கு அதைச் சீர்செய்து கொடுக்கலாம். அதிலுள்ள மென்பொருளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.